ஆட்டிசம் உடைய குழந்தையின் உணர்ச்சிக் கொந்தளிப்பு – இல்லத்தார்க்கு ஒரு பாடம்

திருமணக் கூடங்களிலும், காதணி விழாக்களிலும், ஆலய விழாக்களிலும் சில வேளைகளில் ஒரு குழந்தை திடீரெனக் காதுகளைப் பொத்திக்கொண்டு அலறுவதையும், தரையில் விழுந்து கைகால்களை உதறுவதையும், தன் கையைத் தானே கடித்துக்கொள்வதையும் நம்மிற் பலர் கண்டிருப்போம். சூழ நிற்போர் ஆளுக்கொன்று உரைப்பர். "செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள்" என்பார் ஒருவர். "நாலு அடி போட்டால் தானே அடங்கும்" என்பார் மற்றொருவர். தாய் தலைகுனிந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியேறுவாள். அடுத்த விழாவுக்கு அவள் வரமாட்டாள். 'உடம்பு சரியில்லை' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு குடும்பமே சமுதாயத்தினின்றும் மெல்ல மறைந்துவிடும்.

அக்குழந்தைக்கு ஆட்டிசம் என்னும் வளர்ச்சி வேறுபாடு இருக்கக்கூடும். அவ்வாறாயின், கூடியிருந்தோர் கண்டது அடமும் அன்று. வளர்ப்பின் குறையும் அன்று. அஃது எத்தகையது, எதனால் எழுகிறது, எழும்போது பெற்றோரும் உற்றாரும் செய்யத்தக்கனவும் தகாதனவும் யாவை என்பனவற்றை இப்பாடத்தில் முறையாகக் காண்போம்.

ஆட்டிசம் என்பது யாது?

ஆட்டிசம் தொற்றும் நோயன்று, மனநோயும் அன்று. மூளையின் வளர்ச்சி தொடக்கம் முதலே வேறு வழியில் அமைந்திருத்தலாகும். தமிழில் இதனை மதியிறுக்கம் என்றும் வழங்குவர். பிறரோடு பழகுதலிலும் பேச்சாலும் குறிப்பாலும் கருத்தைப் பரிமாறுதலிலும் இடர்ப்பாடு, ஒரே செயலையோ ஒரே ஒழுங்கையோ விடாது பற்றுதல், ஒலி, ஒளி, தொடுகை முதலியவற்றை மிகையாகவோ குறைவாகவோ உணர்தல் ஆகியன இதன் இயல்புகள். குழந்தைக்குக் குழந்தை இவை அளவில் வேறுபடும். சில குழந்தைகள் பேசுவதே இல்லை. சில குழந்தைகள் தடையின்றிப் பேசிப் படிப்பிலும் சிறந்து விளங்கும். இரு சாராரிடத்தும் கொந்தளிப்பு உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2021ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 127 பேரில் ஒருவர் ஆட்டிசம் உடையவராக இருந்தார். ஆகவே இது நம் ஊருக்கும் உறவுக்கும் அயலானது அன்று.

1943ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பணியாற்றிய லியோ கானர் என்னும் மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரை, ஆட்டிசத்தைத் தனியொரு நிலையாக மருத்துவ உலகுக்கு அறிவித்தது. பலத்த ஒலிகள் அக்குழந்தைகளை அச்சுறுத்தியதையும், பழகிய ஒழுங்கு சிறிது மாறினும் அவர்கள் கலங்கியதையும் அவர் அன்றே குறித்துள்ளார். நாம் இங்கு ஆராயும் கொந்தளிப்பின் இரு பெருங்காரணங்கள் அக்குறிப்பிலேயே அடங்கியுள்ளன.

பின்னர் ஒரு பெருந்தீங்கு நேர்ந்தது. பெற்றோரின், சிறப்பாகத் தாயின், அன்பின்மையே ஆட்டிசத்திற்குக் காரணம் என்னும் கருத்து மேலைநாடுகளில் பரவியது. 1967இல் வெளிவந்த புரூனோ பெட்டல்ஹைமின் நூல் அதற்குப் பெரும் செல்வாக்கைத் தேடித் தந்தது. எனினும், ஆட்டிசம் உடைய ஒரு மகனின் தந்தையும் உளவியல் அறிஞருமான பெர்னார்ட் ரிம்லாண்ட் அக்கருத்தை 1964ஆம் ஆண்டிலேயே தம் நூலில் மறுத்திருந்தார். 1977இல் சூசன் ஃபோல்ஸ்டைன், மைக்கேல் ரட்டர் ஆகிய இருவரும் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்து, இதில் மரபுவழிக் கூறு வலிமையாக உள்ளது என்று காட்டினர். தாயின் மீது சுமத்திய பழி அறிவியல் உலகில் இவ்வாறு வீழ்ந்தது. நம் வீடுகளிலோ 'வளர்த்த முறை சரியில்லை' என்ற உருவில் அஃது இன்னும் உலவுகிறது. அதனைக் களைவதே இப்பாடத்தின் முதற்படி.

அடமும் கொந்தளிப்பும்

எல்லாக் குழந்தைகளும் அடம் பிடிப்பர். ஆட்டிசம் உடைய குழந்தையும் பிடிக்கும். ஆங்கிலத்தில் மெல்ட்டவுன் எனப்படும் உணர்ச்சிக் கொந்தளிப்பு இதனின் வேறானது. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோல் இருப்பதால் பிரித்தறிய நான்கு குறிப்புகளைக் கொள்ளலாம்.

முதலாவது, நோக்கம். அடம் ஒரு பொருளை வேண்டி நிற்பது. பொம்மை கையில் வந்ததும் அழுகை நிற்கும். கொந்தளிப்புக்கு அத்தகைய வேண்டுகோள் இல்லை. முன்பு கேட்ட பொருளையே கொடுத்தாலும் அது தணியாது.

இரண்டாவது, பார்ப்போர். அடம் பிடிக்கும் குழந்தை இடையிடையே தாயின் முகத்தை நோக்கும். ஆளில்லா இடத்தில் பெரும்பாலும் ஓய்ந்துவிடும். கொந்தளிக்கும் குழந்தைக்குப் பார்ப்போர் உண்டா இல்லையா என்பது பொருட்டன்று. தனியறையிலும் அது தொடரும்.

மூன்றாவது, தற்காப்பு. அடம் பிடிப்பது தனக்கு அடிபடாதவாறு விழும். கொந்தளிப்பில் அந்த எச்சரிக்கை இராது. சுவரில் தலை மோதினும் நில்லாது.

நான்காவது, முடிவு. அடம் வேண்டியது கிடைத்ததும் முடியும். அல்லது கிடையாது என்று தெளிந்ததும் முடியும். கொந்தளிப்பு தானே ஓய்ந்தாலன்றி முடியாது. முடிந்தபின் குழந்தை களைத்து உறங்கும், அல்லது நாணி ஒடுங்கும்.

இக்குறிப்புகள் வழிகாட்டுவன, இம்மியும் பிசகாத அளவுகோல் அல்ல. அடமாகத் தொடங்கியது கொந்தளிப்பாக முற்றுதலும் உண்டு. கொந்தளிப்பின் அமைதியான வடிவம் ஒன்றும் உண்டு. குழந்தை அலறாமல், அசையாமல், கேட்டதற்கு விடை கூறாமல், மேசையின் அடியிலோ கட்டிலின் மூலையிலோ ஒடுங்கிவிடும். 'எவ்வளவு அமைதியான பிள்ளை' என்று நாம் மகிழும் வேளையில் அது பெருந்துன்பத்தில் இருக்கக்கூடும்.

காரணங்கள்

கொந்தளிப்பு காரணமின்றி எழுவதில்லை. காரணங்களை ஐந்தாக வகுத்துக் காணலாம்.

ஒன்று, புலன்களின் மிகை. குக்கரின் விசில், மிக்ஸியின் இரைச்சல், தவில், வேட்டு, மினுக்கும் ட்யூப்லைட், சரிகை குத்தும் பட்டுப்பாவாடை, சட்டையின் கழுத்துப்பட்டையில் தைத்த துணிச்சீட்டு, தாளிப்பின் நெடி ஆகியவை நமக்குச் சிறியவை. சில குழந்தைகளுக்கோ அவை உடலை வருத்தும் நோவாகும். 2013ஆம் ஆண்டு அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வெளியிட்ட நோயறி கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, புலனுணர்வின் இம்மிகையையும் குறையையும் ஆட்டிசத்தை அறிவதற்கான குறிகளுள் ஒன்றாகச் சேர்த்தது.

இதனைத் தம் வாழ்வினின்று எடுத்துரைத்தவர் டெம்பிள் கிராண்டின். 1947இல் பாஸ்டன் நகரில் பிறந்த இவர், மூன்றரை வயதளவும் பேசாதிருந்தவர். பின்னாளில் முனைவர் பட்டம் பெற்றுக் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். பள்ளி மணியின் ஓசை பல்மருத்துவரின் துளைகருவி நரம்பில் பட்டாற்போல் வருத்தியது என்றும், பலூன் எப்போது வெடிக்குமோ என்ற அச்சத்தால் பிறந்தநாள் விழாக்கள் துன்பமாயின என்றும், ஞாயிறுதோறும் உடுத்த சொரசொரப்பான ஆடைகள் தோலை அறுத்தன என்றும் அவர் எழுதியுள்ளார். விழாவிலும் வழிபாட்டு நாளிலும் அக்குழந்தை அலறியதைக் கண்டோர் குறும்பென்றே எண்ணியிருப்பர். உள்ளே இருந்தது நோவு.

இரண்டு, மாற்றம். நாளை என்ன நிகழும் என்பதை முன்னறிதலே இக்குழந்தைகளுக்குப் பாதுகாப்பு. பள்ளி வேன் வேறு தெருவழியே செல்லுதல், உணவுத்தட்டு மாறுதல், சொல்லாமல் விருந்தினர் வருதல் ஆகியன நிலம் பெயர்ந்தாற்போன்ற கலக்கத்தைத் தரும். இரவு உண்ணாமையைப் பேணும் நம் இல்லங்களில் இதற்கொரு சிறப்பான எடுத்துக்காட்டு உண்டு. நம் பகுதியில் நவம்பர் மாதத்தில் ஐந்தே முக்கால் மணிக்கு முன்னரே மறையும் கதிரவன், ஜூலை மாதத்தில் ஆறரை மணிக்குப் பின்னரே மறைகிறான். அதனையொட்டி மாலை உணவின் நேரமும் மாறிக்கொண்டே வரும். கடிகாரத்தைப் பற்றிக்கொள்ளும் குழந்தைக்கு இம்மாற்றம் பொருளற்றது. ஆண்டு முழுதும் மாலை ஐந்து மணி என ஒன்றை நிலையாக வைத்துக்கொண்டால், நோன்பும் காக்கப்படும். குழந்தையின் அமைதியும் காக்கப்படும்.

மூன்று, சொல்லின்மை. 'வேண்டாம்', 'போதும்', 'வலிக்கிறது', 'வெளியே போகலாம்' என்று உரைக்க இயலாத குழந்தைக்கு உடலே மொழியாகிறது. நன்கு பேசும் குழந்தையும் கலக்கம் மிகுந்த நேரத்தில் சொல்லை இழக்கும்.

நான்கு, உடல் நோவு. பல்வலி, காதுவலி, மலச்சிக்கல், வயிற்றெரிச்சல், உறக்கமின்மை, பசி, வளரிளம் பருவத்து மாற்றங்கள், பெண் குழந்தைகளின் மாதவிலக்கு ஆகியன மறைந்து நின்று கொந்தளிப்பைத் தூண்டும். அமைதியாயிருந்த குழந்தை சில நாட்களாகத் திடீரென அடிக்கடி கொந்தளிக்குமாயின், முதலில் மருத்துவரிடம் காட்டி உடலைச் சோதித்தல் வேண்டும்.

ஐந்து, சேர்ந்து நிறைதல். இதுவே நாம் பெரிதும் தவறவிடுவது. குடத்தில் துளித்துளியாக நீர் நிறைந்து, இறுதித் துளியில் வழிகிறது. நாம் இறுதித் துளியை மட்டும் கண்டு, 'இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?' என வியக்கிறோம். பள்ளியில் நாள் முழுதும் அடக்கமாயிருந்த குழந்தை, வீட்டு வாசலை மிதித்ததும் வெடிப்பது இதனாலேயே. பள்ளியில் நன்றாக இருக்கிறது, தாயிடம் மட்டுமே ஆடுகிறது என்று தாயைக் குறை கூறுவோர் இதனை உணர வேண்டும். பிள்ளை தன் சுமையை இறக்கிவைக்க அஞ்சாத இடம் தாயின் மடியே.

குறிப்பேடு காட்டும் உண்மை

காரணத்தை ஊகத்தால் அறிதல் அரிது. எழுதி அறிதல் எளிது. நாற்பது பக்கக் குறிப்பேடு ஒன்றில் மூன்று பத்திகள் வகுத்து, நிகழ்வுக்கு முன் நடந்தது, நிகழ்ந்தது, அதன்பின் நாம் செய்தது என்று எழுதிவருக. நாள், மணி, உறக்கம், உணவு, மலம் கழித்தது ஆகியவற்றையும் குறித்தல் நலம்.

எடுத்துக்காட்டாக ஒன்று கொள்வோம். ஒரு சிறுவன் மாலை நீராட்டும்போது கொந்தளிக்கிறான். நீருக்கு அஞ்சுகிறான் என்று வீட்டார் கருதுகின்றனர். மூன்று வாரக் குறிப்பைப் புரட்டினால், கொந்தளித்த நாட்கள் யாவும் செவ்வாயும் வெள்ளியுமாக உள்ளன. அந்நாட்களில் பள்ளியில் வாத்திய இசைப் பயிற்சி நடைபெறுகிறது. அவற்றிலேயே அவன் மதிய உணவையும் உண்ணாமல் கொண்டுவருகிறான். ஏனைய நாட்களில் அதே நீரில் மகிழ்ந்து விளையாடுகிறான். ஆகவே மருந்து குளியலறையில் இல்லை. இசை வகுப்பில் அவனுக்கு ஒரு காதுமூடி தருவதிலும், வீடு வந்ததும் உணவு தந்து அரைமணி நேரம் தனித்திருக்க விடுவதிலும் உள்ளது.

குறிப்பேடு முன்னறிகுறிகளையும் காட்டும். காதைப் பொத்துதல், ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பக் கூறுதல், கையுதறல் மிகுதல், குறுக்கும் நெடுக்கும் நடத்தல், முகம் சிவத்தல், உடல் விறைத்தல் எனப் பிள்ளைக்குப் பிள்ளை இவை வேறுபடும். அலறல் என்பது குழந்தை இறுதியாகச் சொல்லும் சொல். அதற்கு முன் அது பலமுறை சொல்லியிருக்கும். அம்முன்சொற்களைப் படித்தறிதலே பெற்றோர் பெறவேண்டிய கல்வி.

கொந்தளிக்கும்போது செய்யத்தக்கன

1. முதலில் நாம் அமைதியாதல் வேண்டும். உரத்த குரலும் பதற்றமும் நிறைந்த குடத்தில் மேலும் நீர் வார்ப்பனவாகும்.

2. பேச்சைக் குறைக்க வேண்டும். 'அம்மா இருக்கிறேன்', 'வெளியே போகலாம்' என்பன போன்ற இரண்டு சொற்கள் போதும். அறிவுரை, வினா, மிரட்டல், பேரம் எவையும் அப்போது உள்ளே செல்லா.

3. ஒலியையும் ஒளியையும் கூட்டத்தையும் விலக்க வேண்டும். குழந்தையை அமைதியான இடத்திற்கு அழைத்துச் செல்லலாம். இயலாதாயின் சூழ நிற்போரை அகலச் சொல்லலாம்.

4. ஊறு நேராமல் காத்தல் வேண்டும். கண்ணாடி, கூரிய பொருள், அடுப்பு ஆகியவற்றை அகற்றுக. தலையை மோதினால் இடையில் தலையணையையோ மடித்த போர்வையையோ வைக்கலாம். சாலை, கிணறு, மாடி ஆகியவற்றின் அருகில் உடனே தடுக்க வேண்டும். பிற இடங்களில் வலிந்து அமுக்கிப் பிடித்தல் அச்சத்தைப் பெருக்கும்.

5. தொடுகையை அறிந்து கையாள வேண்டும். சில குழந்தைகளுக்கு மெல்லிய வருடல் வருத்தம் தரும். இறுக அணைத்தல் ஆறுதல் தரும். கிராண்டின் தம் பதினெட்டாம் வயதில், உடலை இருபுறமும் அழுத்தும் பொறி ஒன்றைத் தமக்காகவே செய்து அமைதி கண்டார். அப்பொறியை இயக்கும் விசை அவர் கையிலேயே இருந்தது என்பதை நினைவில் இருத்துக. அணைப்பும் குழந்தை விரும்பினால் மட்டுமே ஆறுதலாகும்.

ஓய்ந்தபின் நீர் கொடுத்து ஓய்வெடுக்க விடுதல் வேண்டும். உடனே கண்டித்தலும், 'மன்னிப்புக் கேள்' என்று நிற்கவைத்தலும் தகா. பேசக்கூடிய பிள்ளையாயின், சில மணி நேரம் கழித்து, படம் வரைந்தோ எளிய சொற்களாலோ எது வருத்தியது என்று கேட்டறியலாம்.

முன்னரே காத்தல்

நாளின் நிகழ்ச்சிகளைப் படங்களாக வரிசையிட்டுச் சுவரில் ஒட்டுதல் எளிய பயனுள்ள வழி. பல்துலக்கல், உணவு, பள்ளி, விளையாட்டு, உறக்கம் என ஒவ்வொன்றும் முடிந்ததும் அப்படத்தை அகற்றலாம். மாற்றம் வருமாயின் முன்னாளே படத்தை மாற்றிக் காட்டுக.

சொல்லில்லாத குழந்தைக்கு மாற்றுமொழி தருதல் அடுத்தது. 1985ஆம் ஆண்டில் எட்வர்ட் கார், மார்க் டியூராண்ட் ஆகிய ஆய்வாளர்கள், குழந்தை தன் செயலால் எதனைக் கேட்கிறதோ அதனைச் சொல்லால் கேட்கப் பயிற்றினால் அச்செயல் குறைகிறது என்று காட்டினர். 'உதவி', 'போதும்', 'இடைவேளை' எனும் மூன்று அட்டைகளோடு தொடங்கலாம். அட்டையைக் காட்டியவுடன் நாம் அதற்கு இணங்குதல் இன்றியமையாதது. இணங்காவிடின், அலறலே வலிமையான மொழி என்று நாமே கற்பித்தவர்களாவோம்.

விழாக்களைத் துறக்க வேண்டுவதில்லை, திட்டமிட்டால் போதும். கூட்டம் சேருமுன் ஜினாலயம் சென்று தொழுது திரும்பலாம். மணியொலிக்கும் நேரத்தில் வெளித் திருச்சுற்றில் நிற்கலாம். மண்டபத்தில் வாயிலருகே அமரலாம். மேளக்காரர் அருகில் அமர்தல் கூடாது. பட்டாடைக்கு உள்ளே பழகிய பருத்திச் சட்டை அணிவிக்கலாம். அரைமணி நேரம் இருந்து அமைதியாகத் திரும்புதல், மூன்று மணி நேரம் இருந்து அலறலோடு திரும்புதலினும் மேலானது.

உற்றார் கடமையும் மருத்துவர் துணையும்

அடித்தல் கொந்தளிப்பைத் தீர்ப்பதில்லை. வலியால் துடிப்பவனுக்கு மேலும் ஒரு வலியைச் சேர்க்கிறது. தன்னைக் காப்போர் கையையும் அஞ்சக் கற்பிக்கிறது. அடங்கியதுபோல் தோன்றினால், குழந்தை அச்சத்தால் ஒடுங்கியதென்க. ஊறு செய்யாமையை உயிர்நிலையாகக் கொண்ட நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. அறையில் பூட்டிவைத்தலும், சூடு வைத்தலும், மந்திரிப்பவரிடம் ஒப்படைத்தலும் அவ்வாறே விலக்கத்தக்கன.

மருந்து பற்றியும் தெளிவு வேண்டும். ஆட்டிசத்தை நீக்கும் மருந்து எதுவும் இல்லை. தன்னையோ பிறரையோ காயப்படுத்துமளவு கொந்தளிப்பு மிகும்போது, ரிஸ்பெரிடோன் போன்ற மருந்துகளை மருத்துவர் தருவதுண்டு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2006இல் இதற்கென அம்மருந்தை ஏற்றது. உடல் எடை கூடுதல், மிகு உறக்கம் ஆகிய பின்விளைவுகள் அதற்கு உண்டு. ஆதலின் மருத்துவர் கண்காணிப்பின்றித் தொடங்குதலும் கூடாது. திடீரென நிறுத்துதலும் கூடாது. குழந்தை வெறித்து நோக்கி நினைவிழந்தாற்போலிருந்தாலோ வலிப்புற்றாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்க. ஆட்டிசம் உடையோரிடையே வலிப்பு நோய் பிறரினும் மிகுதி.

சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் நடுவண் அரசின் பல்வகை ஊனமுற்றோர் மேம்பாட்டுக்கான தேசிய நிறுவனம் உள்ளது. அங்கு மதிப்பீடும் பயிற்சியும் பெறலாம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்ற 21 வகைகளுள் ஆட்டிசமும் ஒன்று. சான்றிதழ் பெறுதல் இழிவன்று. அது குழந்தையின் உரிமை.

உற்றார்க்கு ஒரு வேண்டுகோள். கூட்டத்தில் ஒரு குழந்தை கொந்தளிக்கும்போது உற்றுப் பார்க்கவும் வேண்டா. அறிவுரை கூறவும் வேண்டா. 'அம்மா, உள்ளே ஓர் அறை காலியாக உள்ளது. அழைத்துச் செல்லுங்கள்' என்று ஒரு சொல் போதும். உடன்பிறந்த குழந்தையைச் சற்றுநேரம் கவனித்துக்கொள்ளலாம். அடுத்த விழாவுக்கு அக்குடும்பத்தைத் தவறாது அழைக்கலாம்.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

இல்லத்தார் ஒருங்கமர்ந்து கீழ்க்காணும் வினாக்களுக்கு விடை காண்க.

1. அடத்தையும் கொந்தளிப்பையும் பிரித்தறியும் நான்கு குறிப்புகள் யாவை?

2. நம் வீட்டில் ஒரு நாளில் எழும் ஒலிகளுள், ஒரு குழந்தையைத் துன்புறுத்தக்கூடியவை எவை? அவற்றுள் எவற்றைக் குறைக்க இயலும்?

3. பள்ளியில் அமைதியாயிருந்த குழந்தை வீட்டில் வெடிப்பது ஏன்?

4. நம் உறவினுள் விழாக்களுக்கு வருவதை நிறுத்திக்கொண்ட குடும்பம் ஏதேனும் உண்டா? அவர்களைக் காண நாம் எப்போது செல்லப்போகிறோம்?

நான்காம் வினாவின் விடையை நாவால் உரைத்தல் போதாது. நேரிற் சென்று காட்டுதல் வேண்டும். அவ்வாறு செய்வோமாக.